ஒரே படம், இரண்டு ப்ளூ-ரே: அகலத்திரைப் படத்தின் தரத்தை எதை வைத்து முடிவு செய்வது?

வட்டுப்பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 'பேட்டன்' (1970) படம் இப்போது என்னிடம் இரண்டு ப்ளூ-ரேயாக இருக்கிறது. ஒன்று 2008-இல் வந்தது. பழைய டிஸ்க் விற்பவர் ஒருவரிடம் சில வருடங்களுக்கு முன்பே வாங்கினேன். இன்னொன்று 2012-இல் புதிதாக மாஸ்டர் செய்து (டிஸ்க்குக்கான மூலப்பிரதியை மறுபடி தயாரித்து) வந்தது. அது போன வாரம்தான் கைக்கு வந்தது. இரண்டாவதை வாங்கியதற்குக் காரணமே நீங்கள் எல்லோரும்தான். பழையது மோசம், முகமெல்லாம் மெழுகு பொம்மை என்று இங்கே படித்துப் படித்து மனசு கேட்காமல் வாங்கிவிட்டேன்.

நேற்று ராத்திரி இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் பழையதுதான் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. 55 இன்ச் டிவி, ஏழு அடி தூரத்தில் சோபா. கண் பரிசோதனையும் ஆறு மாதம் முன்புதான் செய்தேன்.

எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். ஒரு டிஸ்க்கைப் போட்டதும் நீங்கள் முதலில் எங்கே பார்ப்பீர்கள்? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

கீழமாசிவீதி எழுதியது:

உங்கள் கண்ணுக்குப் பழையது நன்றாக இருந்தால் அதுதான் நல்ல டிஸ்க். நான் இதை இங்கே பல தடவை சொல்லிவிட்டேன். திரை முழுக்கப் புழுதி பறக்கிற மாதிரி இருந்தால் 'ஆஹா, கிரெய்ன்' (ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் நுண்துகள்) என்று கொண்டாடுவதும், சுத்தமாக இருந்தால் திட்டுவதும் எனக்குப் புரியவே இல்லை. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும்போது 'என்ன இது புள்ளி புள்ளியாக' என்றுதான் கேட்கிறார்கள். படம் எடுத்தவரும் புள்ளி தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு எடுத்திருக்க மாட்டார்.

நெகட்டிவ்_அறை எழுதியது:

வட்டுப்பெட்டி, நல்ல கேள்வி. உங்களிடம் இருக்கும் ஜோடியும் இதைக் கற்றுக்கொள்ளத் தோதானது. நான் பல வருடம் ஃபிலிம் ஸ்கேன் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் எதில் எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். டைமென்ஷன் 150 என்ற முறை, 65 எம்.எம். நெகட்டிவ். இந்த முறையில் வந்த படங்களே இரண்டுதான், அதில் இது ஒன்று. சாதாரண 35 எம்.எம். ஸ்கோப் (அகலத்திரை) ஃப்ரேமோடு ஒப்பிட்டால் அந்த நெகட்டிவின் பரப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு. அவ்வளவு பெரிய நெகட்டிவை 1920 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கும்போது கிரெய்ன் மிக மிக மெல்லியதாகத்தான் தெரியும். ஆக, இந்தப் படத்தில் 'கிரெய்ன் இருக்கிறதா' என்று தேடிப் பயனில்லை. நல்ல பிரதியிலும் அது கண்ணை உறுத்தாது. கீழமாசிவீதி சொல்லும் புழுதி இதில் பிரச்சினையே இல்லை.

அப்படியென்றால் பழைய டிஸ்க்கில் என்ன குறை? கிரெய்னைத் துடைக்கும் மெஷினை அதிகமாக ஓட்டியதுதான். நாய்ஸ் ரிடக்‌ஷன் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். அது அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஒப்பிட்டுப் பார்க்கும். எது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கொண்டே இருக்கிறதோ அது கிரெய்ன் என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டு அழிக்கும். ஆள் அசையாமல் நின்றால் கன்னத்து ரோமக்கால் எல்லா ஃப்ரேமிலும் அதே இடத்தில் இருக்கிறது, தப்பிவிடும். தலையைத் திருப்பினால் ரோமக்காலும் இடம் மாறுகிறது. மெஷினுக்கு அதுவும் கிரெய்னும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். சட்டையின் நெசவு, தரையின் சரளைக்கல், தூரத்துப் புல் எல்லாம் இப்படித்தான் காணாமல் போகின்றன.

அதனால்தான் அசைவில்லாத இடத்தில் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. கேமரா மெதுவாகத் திரும்பும் இடத்தில் பாருங்கள். தரையோ சுவரோ அசையும்போது குழைந்து, நின்றதும் திடீரென்று தெளிவாகிறதா? அது டிஸ்க் செய்யும் போது நடந்த துடைப்பு.

இரண்டாவது, ஓரக்கோடு. படத்தின் தொடக்கமே உங்களுக்கு ஒரு பரிசோதனை அட்டை மாதிரி. திரை முழுக்க அமெரிக்கக் கொடி, அதற்கு முன்னால் ஜெனரல் பேட்டனாக நடிக்கும் ஜார்ஜ் சி. ஸ்காட் கீழிருந்து படியேறி வந்து நிற்கிறார். அடர்நிற மேலுடை, பின்னால் வெள்ளைச் சிவப்புப் பட்டைகள். உருவத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். ஷார்ப்பாகக் காட்ட வேண்டும் என்று மாஸ்டரில் செயற்கையாக ஓரங்களை முறுக்கேற்றினால் அது வரும். குழாய் டிவி காலத்தில், டிவிடிக்காகச் செய்த மாஸ்டர்களில் இது சகஜம். சின்னத் திரையில் அது உதவியும் செய்தது. அதே மாஸ்டரை ப்ளூ-ரேக்கு எடுத்தபோதுதான் வினையாகிவிட்டது.

நீங்கள் 'பளிச்' என்று சொல்வது இந்த முறுக்கேற்றலாக இருக்கலாம். அந்த 2008 டிஸ்க் வந்த புதிதில் நிறையப் பேர் பாராட்டத்தான் செய்தார்கள். ஆகவே உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

பனிக்காலம் எழுதியது:

வணக்கம் அண்ணா. டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் டிவியைக் கேளுங்கள். நான் டொரோண்டோவில் நண்பர்கள் வீட்டு டிவிகளைச் சரிசெய்து கொடுப்பதையே ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். பத்தில் ஒன்பது வீட்டில் பெட்டியிலிருந்து எடுத்த அதே செட்டிங்தான்.

உங்கள் டிவி 'விவிட்' மோடில் இருக்கிறதா? ஷார்ப்னஸ் 50-இல் நிற்கிறதா? 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று டிவியிலேயே ஒன்று இருக்கும், அது ஆட்டோவில் இருக்கிறதா? அப்படியானால் 2012 டிஸ்க்கில் பாதுகாத்து வைத்ததை உங்கள் டிவியே வீட்டில் வைத்துத் துடைக்கிறது. பிறகு ஷார்ப்னஸ் வந்து ஓரத்தில் வெள்ளைக்கோடு போடுகிறது. இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரித் தெரிவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று இருந்தால் அதைப் போடுங்கள். 2019-இல் அறிவித்து அதற்குப் பிறகு வந்த பல டிவிகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் 'சினிமா' அல்லது 'மூவி'. ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கோ, உங்கள் மாடலில் எது எதையும் சேர்க்காத நிலையோ அதற்கோ கொண்டு வாருங்கள். அசைவை வழவழப்பாக்கும் வேலையையும் நிறுத்துங்கள். பிளேயரில் 24 ஃப்ரேம் வெளியீடு 'ஆன்' ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. தையல் டேப் ஒன்று எடுங்கள். 55 இன்ச் திரையின் அகலம் சுமார் 121.8 செ.மீ., உயரம் 68.5 செ.மீ. 'பேட்டன்' 2.20:1, அதாவது அகலம் உயரத்தைப் போல 2.20 மடங்கு. அப்படியானால் படத்தின் உயரம் 55.4 செ.மீ. வர வேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தலா ஆறரை செ.மீ. அளந்து சொல்லுங்கள்.

கீழமாசிவீதி எழுதியது:

டேப் வைத்து அளந்து படம் பார்க்கிற நிலைமை வந்துவிட்டதா! சரி, செய்யட்டும். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இயக்குநர் எதிர்பார்த்தது இதுதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நாம் யாரும் அந்த நெகட்டிவைப் பார்த்ததில்லை.

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

கீழமாசிவீதி தம்பி கேட்பது நியாயமான கேள்வி. நான் முப்பது வருடம் டூரிங் டாக்கீஸிலும் அப்புறம் டவுன் தியேட்டரிலும் புரொஜெக்டர் ஓட்டியவன். என் கண்ணில் நிற்கும் 'ஒரிஜினல்' என்ன தெரியுமா? படப்பெட்டி எங்கள் ஊருக்கு வரும்போது அது பத்து ஊர் பார்த்திருக்கும். நடுவில் கீறல் கோடுகள் மழையாகப் பெய்யும். ரீல் முடியும் இடத்தில் நாலு ஃப்ரேம் வெட்டுப்பட்டிருக்கும். கலர் சிவந்துபோய் ஆகாயமே ரோஜா நிறத்தில் இருக்கும். அந்தக் காலத்து ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும், மிச்சம் நிற்பது சிவப்பு. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் 'தியேட்டரில் பார்த்த கலர் இது இல்லையே' என்று டிஸ்க்கைக் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். அது படத்தின் கலர் இல்லை, சாயம் போன கலர்.

ஸ்கோப் படம் பற்றி ஒன்று. ஃபிலிமில் உருவம் ஒல்லியாக, நெட்டையாக அமுக்கப்பட்டுத்தான் இருக்கும். புரொஜெக்டர் முன்னால் மாட்டும் ஸ்கோப் லென்ஸ்தான் அதை அகலமாக விரிக்கும். நியூஸ் ரீல் முடிந்து மெயின் படம் தொடங்கும்போது லென்ஸை மாற்ற அரை நிமிடம் தாமதமானால் போதும். நாயகன் பனைமரம் மாதிரி நிற்பார், கீழே விசில் பறக்கும். லென்ஸை மாட்டினாலும் வேலை முடியாது. ஒரு நூல் திருகி உட்கார்ந்தால் ஆட்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்வார்கள். கேபின் ஜன்னல் வழியாக, நேராக நிற்கும் கம்பம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்புவேன்.

இன்றைக்கும் டிஸ்க் போட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வட்டம் வட்டமாக இருக்கிறதா? வண்டிச் சக்கரம், தட்டு, நிலா, எதுவானாலும் சரி. கம்பம் நேராக நிற்கிறதா? உருவம் சரியாக இல்லாத படத்தில் கிரெய்னைத் தேடி என்ன பயன்?

நெகட்டிவ்_அறை எழுதியது:

ஐயா சொன்ன வரிசைதான் சரி. முதலில் சட்டகம், பிறகுதான் மற்றவை. நான் அதைத் தாண்டி நேராக நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குப் போயிருக்கக் கூடாது.

சட்டகம் என்றால் அளவு மட்டுமல்ல. 1953-இல் சினிமாஸ்கோப் வந்தபோது 2.55:1. ஆப்டிகல் ஒலித்தடத்தையும் (ஒலியை ஒளியால் பதித்த கோடு) ஃபிலிமில் வைக்க ஆரம்பித்தபோது 2.35 ஆனது. 1970-க்குப் பிறகு ஃபிலிம் ஒட்டுகள் திரையில் தெரியாமல் இருக்கப் புரொஜெக்டரில் ஃபிலிம் தெரியும் ஜன்னலைக் கொஞ்சம் குறுக்கியதால் 2.39. 70 எம்.எம். என்றால் 2.20. 'பென்-ஹர்' (1959) 2.76. அமெரிக்காவில் சாதாரண அகலத்திரை 1.85, ஐரோப்பாவில் பல படங்கள் 1.66. எந்த வருடம், எந்த முறை என்று தெரிந்தால் பட்டை எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துவிடும். பட்டை குறைவாக இருந்தால் ஓரத்தில் எதையோ வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் மேலே கீழே கூடுதலாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

சில நேரம் வெட்டுகிறவர் படம் எடுத்தவராகவே இருப்பார். 'அப்போகலிப்ஸ் நவ்' ஸ்கோப்பில் எடுத்த படம். அதன் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டோராரோ பிற்பாடு எல்லாப் படங்களும் 2.00:1-இல்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். டிவிடியில் அந்தப் படத்தின் இரு ஓரமும் வெட்டப்பட்டே வந்தன. 2010 ப்ளூ-ரேயில்தான் முழு அகலம் திரும்பி வந்தது. அவர்மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை, ஆனால் இதில் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். 1976-77-இல் படம் எடுத்தபோது அவரே சட்டகத்தின் ஓரம் வரை ஆட்களை நிறுத்தினார். அந்த முடிவுக்குத்தான் நான் கட்டுப்படுவேன்.

கீழமாசிவீதியின் கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. 'இயக்குநர் ஒப்புதல்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் நான் அப்படியே ஏற்பதில்லை. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009 ப்ளூ-ரேயில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே நிறத்தை வெளுக்க வைத்து, கரடுமுரடாக மாற்றினார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாகவே கொதித்துப் போனார். பிறகு பழைய நிறத்தோடு இன்னொரு பதிப்பு வந்தது. இருவரும் உயிரோடு இருந்ததால் ஒருவர் மற்றவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. ஒளிப்பதிவாளர் போய்ச் சேர்ந்த படங்களுக்கு யார் பேசுவது? நெகட்டிவ்தான் பேச வேண்டும். அதனால்தான் அதில் இருப்பதை அழிக்காதே என்று நாங்கள் இவ்வளவு சத்தம் போடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தியேட்டர் பிரிண்ட் என்பது நெகட்டிவிலிருந்து நான்காவது தலைமுறை: நெகட்டிவ், இன்டர்பாசிட்டிவ், டூப் நெகட்டிவ், அப்புறம் பிரிண்ட். மூல நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன் எடுத்தால், அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்தவர் பார்க்காத விவரமும் தெரியும். ஒட்டு மீசையின் வலை தெரியும், முகப்பூச்சு கழுத்தில் எங்கே முடிகிறது என்று தெரியும். அதைக் குறை என்பவர்களும் உண்டு. எனக்கு அது பரவாயில்லை.

கீழமாசிவீதி எழுதியது:

நிற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல உதாரணம். ஆனால் ஒரு சந்தேகம். கிரெய்ன் அதிகமாகத் தெரிந்தால் அது நல்ல டிஸ்க் என்று பொருளா? என்னிடம் ஒரு ஸ்கோப் படம் இருக்கிறது, 1960-களில் எடுத்தது, திரை முழுக்க மணல் கொட்டிய மாதிரி இருக்கும். இங்கே ஒருவர் அதைப் பார்த்துவிட்டு 'அசல் ஃபிலிம் உணர்வு' என்றார். எனக்குத் தலைவலிதான் வந்தது.

நெகட்டிவ்_அறை எழுதியது:

இல்லை, அந்த நண்பர் சொன்னதைத்தான் நான் மறுப்பேன். மணல் மாதிரி தடித்து, கூர்மையாக, ஒவ்வொரு துகளும் தனியாக நின்றால் அது பெரும்பாலும் முறுக்கேற்றப்பட்ட கிரெய்ன். ஓரத்தை முறுக்கும் அதே மெஷின் கிரெய்னின் ஓரத்தையும் முறுக்கிவிடும். பழைய ஸ்கேனர்களே இரைச்சல் சேர்ப்பதும் உண்டு. கம்ப்ரஷன் மோசமாக இருந்தால் கிரெய்ன் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டு நகரும். புகை, மூடுபனி, தண்ணீர், இருட்டு வரும் காட்சிகளில் அது நன்றாகத் தெரியும்.

நல்ல கிரெய்னை அடையாளம் காண எனக்குத் தெரிந்த மிக நல்ல இடம், ஒரு காட்சி கரைந்து இன்னொரு காட்சி வரும் இடம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு அந்தக் கரைவை லேபில் ஆப்டிகல் பிரின்டரில் செய்தார்கள். இரண்டு காட்சிகளையும் மறுபடி இன்னொரு ஃபிலிமில் ஏற்றுவார்கள். அதாவது அந்தத் துண்டு மட்டும் ஒன்றிரண்டு தலைமுறை தள்ளிப் போகிறது. நல்ல பிரதியில் கரைவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே கிரெய்ன் ஒரு படி தடிப்பது தெரியும், நிறமும் லேசாக மங்கும். கரைவு முடிந்து வெட்டு வந்ததும் சட்டென்று தெளியும். அது தெரிந்தால் எனக்கு மனசு நிம்மதி. யாரும் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடவில்லை. துடைத்த டிஸ்க்கில் அந்தத் தையல் தெரியாது, படம் முழுக்க ஒரே வழவழப்பு.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்கோப் படங்களில் எல்லா மென்மையும் டிஸ்க்கின் குற்றமில்லை. உருவத்தை ஒல்லியாக அமுக்கி எடுக்கும் அனமார்ஃபிக் லென்ஸில் ஓரங்கள் மங்கும். பின்னணி விளக்குகள் நீள்வட்டமாகத் தெரியும். ஆரம்பகால சினிமாஸ்கோப் லென்ஸ்களில் நெருக்கக் காட்சி எடுத்தால் முகம் அகலமாக, கன்னம் வீங்கியது போலத் தெரியும், அதற்கு 'மம்ப்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். பனவிஷன் லென்ஸ்கள் வந்து அதைச் சரிசெய்தன. 1950-களின் படத்தில் இதைப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் திட்டாதீர்கள்.

சுத்தம் செய்வதே தவறு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' நெகட்டிவில் பாலைவனச் சூட்டினால் மேற்பூச்சு வெடித்துக் கோடு கோடாக இருந்தது. 8கே ஸ்கேன் எடுத்து 2012-இல் அந்த வெடிப்புகளைச் சரிசெய்தார்கள். கிரெய்னும் மணலும் அப்படியே இருக்கின்றன. அது பொறுமையான வேலை. படம் முழுக்க ஒரு பொத்தானை அமுக்குவது வேறு.

பனிக்காலம் எழுதியது:

கீழமாசிவீதி, உங்கள் தலைவலிப் படத்தையும் டிவியின் ஷார்ப்னஸைக் குறைத்துவிட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே முறுக்கேறிய கிரெய்னை டிவியும் முறுக்கினால் யாருக்கும் தலைவலிதான் வரும்.

கீழமாசிவீதி எழுதியது:

பார்க்கிறேன். என் டிவியில் ஷார்ப்னஸ் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடியதே இல்லை.

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

டிவிடி வைத்திருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். எல்லோரும் ப்ளூ-ரே வாங்கவில்லை. என் அலமாரியில் முக்கால்வாசி டிவிடிதான். அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சுருக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நெகட்டிவ்_அறை எழுதியது:

டிவிடியில் ஒரே கேள்விதான் ஐயா: அட்டையின் பின்னால் '16:9 அனமார்ஃபிக்' என்று இருக்கிறதா, வெறும் 'லெட்டர்பாக்ஸ்' என்று இருக்கிறதா? பால் (PAL, இந்தியா, ஐரோப்பாவின் டிவி முறை) டிவிடியில் மொத்தம் 576 கோடு. 2.35 படத்தை 4:3 சட்டத்துக்குள் லெட்டர்பாக்ஸாக வைத்தால் படத்துக்குக் கிடைப்பது சுமார் 326 கோடு, மிச்சமெல்லாம் கறுப்புப் பட்டைக்கே போகிறது. அனமார்ஃபிக் என்றால் 436. அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (480 கோடு) என்றால் இதே வரிசையில் 272, 363. உங்கள் ஸ்கோப் லென்ஸ் வேலையேதான், ஒல்லியாக அமுக்கி வைத்து டிவி அதை விரிக்கிறது. டிவி விரிக்க மறந்தால் இங்கேயும் பனைமரம்தான்.

பால் டிவிடியில் இன்னொன்று: 24 ஃப்ரேமை 25 ஆக ஓட்டுவதால் 172 நிமிடப் படம் 165 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் சற்று உச்சத்தில் ஏறும். வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

விசிடி பற்றிக் கேட்காதீர்கள். ஸ்கோப் படத்தை முழு அகலத்தில் வைத்தால் 288 கோட்டில் சுமார் 160 கோடுதான் படத்துக்கு. அதில் எதைத் தரம் பார்ப்பது.

வட்டுப்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலைதான்.

பனிக்காலம் சொன்னபடி முதலில் டேப் வைத்து அளந்தேன். பட்டை ஐந்து செ.மீ.தான் இருந்தது! ஆறரை வர வேண்டும். இரண்டு டிஸ்க்கிலும் அதே கணக்கு. டிஸ்க்கில் வெட்டியிருப்பார்களோ என்று ஒரு நிமிடம் பதறிவிட்டேன். மெனுவைத் தோண்டிப் பார்த்தால் டிவி 'ஓவர்ஸ்கேன்' போட்டு நாலு பக்கமும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மூன்று வருடமாக நான் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றியதும் ஆறரை வந்துவிட்டது.

நாய்ஸ் ரிடக்‌ஷன் 'ஆட்டோ'வில் இருந்தது. ஷார்ப்னஸ் 50. விவிட் மோட். மூன்றையும் மாற்றிவிட்டேன். மாற்றியதும் படம் செத்துப்போன மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை. மங்கலாக, மஞ்சளாக. பத்து நிமிடம் கழித்துக் கண் பழகிவிட்டது.

இப்போது இரண்டு டிஸ்க்கும் வேறு வேறு. தொடக்கக் காட்சியில் பேச்சுக்கு முன்னால் நெருக்கத்தில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்களே, மோதிரம், பதக்கங்கள், கையில் சவுக்கு, தந்தப் பிடி போட்ட துப்பாக்கி, ஹெல்மெட்டில் நான்கு நட்சத்திரம். பழையதில் பதக்க நாடா வெறும் நிறப்பட்டை. புதியதில் அது துணி. கன்னத்தைப் பார்த்தேன். பழையதில் அவர் தலையைத் திருப்பும்போது தோல் ஒரு கணம் களிமண் மாதிரி வழிகிறது, நின்றதும் சுருக்கம் திரும்பி வருகிறது. நெகட்டிவ்_அறை எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது. இப்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கரைவு காட்சி ஒன்றையும் தேடிப் பிடித்தேன். நீங்கள் சொன்ன தடிப்பு, நிறம் மங்கல், அப்புறம் வெட்டு வந்ததும் தெளிவு. மூன்று தடவை ரிவைண்ட் செய்து பார்த்தேன்.

கீழமாசிவீதி எழுதியது:

நானும் செட்டிங்கை மாற்றி என் மணல் படத்தைப் பார்த்தேன். இன்னும் எனக்கு அது அதிகம்தான். ஆனால் பாதிதான் டிஸ்க்கில் இருக்கிறது, மீதிப் பாதி என் டிவி சேர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறாது: வீட்டில் மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும்.

வட்டுப்பெட்டி எழுதியது:

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அப்பா நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். சினிமாவில் பெரிய ஆர்வம் கிடையாது, ஆங்கிலப் படம் என்றால் எழுந்து போய்விடுவார். நேற்று நான் பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. அப்புறம் புதியதை மாற்றிப் போட்டேன். அதே காட்சி, அதே ஆள். இரண்டு நிமிடம் கழித்து பேப்பரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது கம்பளித் துணி மாதிரி இருக்குடா, தோள்பட்டையில எவ்ளோ சுத்தமா உக்காந்திருக்கு பாரு" என்றார்.

நான் அவரிடம் கிரெய்ன் என்றும் சொல்லவில்லை, டிஸ்க்கை மாற்றினேன் என்றும் சொல்லவில்லை. பழையதை மறுபடி போட்டு, இப்போது பாருங்கள் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்ன துணின்னு தெரியலியே" என்றார்.

பழைய_ஆபரேட்டர் எழுதியது:

தம்பி, அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்து என்ன டிஸ்க் போட்டுக் காட்டப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். டிவிடியாக இருந்தாலும் பரவாயில்லை, அட்டையின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.